தாத்தா கொண்டுவந்த ஜெர்மன் ஹெல்மெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொராண்டோ, லண்டன், நியூ ஜெர்சி பக்கம் குடியிருப்பவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். தெருவில் வயதான ஒருவர் காலமானதும் பிள்ளைகள் வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்பார்கள். பழைய தையல் மிஷின், பீங்கான் தட்டுகள், நடுவில் தூசி படிந்த ஒரு ஜெர்மன் ஹெல்மெட். "அப்பா போரிலிருந்து கொண்டுவந்தது" என்பார்கள். அதை வாங்கியவர்களும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை.

இவ்வளவு ஜெர்மன் ஹெல்மெட்டுகள் அமெரிக்கா, கனடா வீடுகளுக்கு எப்படி வந்தன?

இரண்டு அலைகளாக வந்தன. முதல் அலை 1918–19. முதல் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மன் கிடங்குகளில் தலைக்கவசங்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. ரைன் நதிக்கரையில் கோப்ளென்ஸ் நகரில் முகாமிட்ட அமெரிக்கப் படையினர் கூர்முனை வைத்த தோல் தொப்பிகளை ஆசை ஆசையாக எடுத்தார்கள். 1919-இல் போர்க்கடன் பத்திர விற்பனைக்காக நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தருகே ஆயிரக்கணக்கான ஜெர்மன் ஹெல்மெட்டுகளை அடுக்கிப் பிரமிடே கட்டினார்கள். அந்தப் புகைப்படம் இன்றும் சுற்றி வருகிறது.

இரண்டாவது அலை 1944–45. துப்பாக்கி, கத்தி, கொடிக்கு இருந்த கிராக்கி ஹெல்மெட்டுக்கு இல்லை. பெரிதாக இருக்கும், மூட்டையில் இடத்தை அடைக்கும். அதனால் பலர் தபாலில் அனுப்பினார்கள். பெட்டிகூட வேண்டாம் என்று ஹெல்மெட்டின் மேலேயே வெள்ளைப் பெயின்டில் ஊர் முகவரி எழுதி அனுப்பியவர்களும் உண்டு. அந்த முகவரி அழியாமல் இருக்கும் ஹெல்மெட் ஒன்று கையில் வந்தால், அதைச் சுரண்டி 'சுத்தம்' செய்ய யாரையும் விடாதீர்கள்.

அப்படியானால் எல்லாமே போர்க்களத்தில் எதிரியிடமிருந்து பறித்ததுதானே?

பெரும்பாலும் இல்லை. முன்வரிசையில் சண்டை போடுகிறவன் தன் சுமையைக் குறைக்கத்தான் பார்ப்பான். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பைக் கூடுதலாகத் தூக்கிக்கொண்டு நடக்க மாட்டான். 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தபோது லட்சக்கணக்கான வீரர்கள் ஆயுதங்களையும் ஹெல்மெட்டுகளையும் சாலையோரம் போட்டுவிட்டுப் போனார்கள். வீடு வந்து சேர்ந்த ஹெல்மெட்டுகளில் பல அந்தக் குவியல்களிலிருந்து எடுத்தவை. பின்வரிசையில் லாரி ஓட்டியவர், சமையல் செய்தவர், கிளார்க் வேலை பார்த்தவர் எல்லாம் முன்வரிசை ஆட்களிடம் சிகரெட்டும் சாராயமும் கொடுத்து நினைவுப் பொருள் வாங்கிக்கொண்டார்கள். அறுபது வருடம் கழித்துப் பேரனிடம் சொல்லும்போது கதைக்குக் கொஞ்சம் ரத்தம் சேர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

கூர்முனை வைத்த தொப்பி எந்தக் காலத்தது?

அதன் பெயர் பிக்கல்ஹௌபே. பிரஷ்ய அரசர் நான்காம் ஃபிரெடரிக் வில்லியம் 1842-இல் தன் படைக்குக் கொண்டுவந்தது. தோலை இறுக்கி, கறுப்பு வார்னிஷ் பூசி, பித்தளை வேலைப்பாடு வைத்துச் செய்தது. அடுத்த எழுபது ஆண்டுகளில் பல மாதிரிகள் வந்தன. இன்று அதிகம் கிடைப்பவை 1895 மாதிரியும் 1915 மாதிரியும்.

முன்னால் இருக்கும் பெரிய உலோகச் சின்னத்தைப் பார்த்தால் எந்த நாட்டுப் படை என்று தெரிந்துவிடும். அன்றைய ஜெர்மனி பல அரசுகளின் கூட்டு. சிறகு விரித்த கழுகு என்றால் பிரஷ்யா. கழுகின் மேல் 'அரசருக்கும் தாய்நாட்டுக்கும் கடவுளின் துணையோடு' என்ற பொருளில் ஜெர்மன் வாசகம் இருக்கும். இரண்டு சிங்கங்கள் ஒரு கேடயத்தைப் பிடித்திருந்தால் பவேரியா. கிரிஃபின் என்ற சிறகுள்ள கற்பனை விலங்கு என்றால் பாடன். பீரங்கிப் படைக்குக் கூர்முனைக்குப் பதில் உருண்டை இருக்கும் (பவேரியாக்காரர்கள் மட்டும் பீரங்கிப் படைக்கும் ரொம்ப காலம் கூர்முனையையே வைத்திருந்தார்கள்). பக்கவாட்டில் தாடைப்பட்டை மாட்டும் இடத்தில் இரண்டு வண்ண வட்டங்கள் உண்டு. இடப்பக்கம் அந்தந்த அரசின் நிறம். வலப்பக்கம் கறுப்பு-வெள்ளை-சிவப்பு, அது 1897-இல் சேர்ந்தது.

போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனியின் கடல்வழிகளை அடைத்தது. வெளிநாட்டுத் தோல் வரத்து நின்றது. உடனே கம்பளி, தகரம் என்று கிடைத்ததில் எல்லாம் தொப்பி செய்தார்கள். 1915 மாதிரியில் பித்தளை போய்ச் சாம்பல் நிற உலோகம் வந்தது. பதுங்குகுழியில் கூர்முனை வெளியே நீட்டிக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுத்ததால், அதைக் கழற்றி வைக்கும்படி செய்தார்கள். இந்த அவசரகாலத் தொப்பிகள் பளபளப்பாக இருக்காது. ஆனால் போர் எப்படிப் போனது என்பதை இவை சொல்லும் அளவுக்குப் பித்தளைத் தொப்பிகள் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் முதலில் இவற்றைத்தான் தேடுவேன்.

பின்பக்கக் கழுத்து மறைப்பின் உள்ளே திருப்பிப் பாருங்கள். சிப்பாய்க்கு அரசு கொடுத்த தொப்பி என்றால் படை எண்ணும் ஆண்டும் மையில் முத்திரை குத்தியிருக்கும். அதிகாரிகள் தங்கள் காசில் கடையில் வாங்கியதால் அதில் முத்திரை இருக்காது. உள்ளே மெல்லிய தோல்பட்டையும் பட்டுத்துணியும் இருக்கும்.

இரும்பு ஹெல்மெட் எப்போது வந்தது?

1916-இல், வெர்டன் போர்க்களத்தில். குண்டுச் சில்லுகள் மூளைக்குள் பாய்ந்து சிப்பாய்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். தோல் தொப்பி அதைத் தடுக்கவில்லை. ஆகுஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவரும் ஹன்னோவர் தொழில்நுட்பக் கல்லூரியின் ஃபிரெடரிக் ஷ்வெர்டும் சேர்ந்து யோசித்ததில் பிறந்தது இது. நெற்றி, காது, கழுத்து மூன்றையும் மூடும் அந்த வடிவம் ஷ்வெர்டின் வேலை. நேராக வரும் துப்பாக்கித் தோட்டாவைத் தடுக்க அது செய்யப்படவில்லை. சில்லுக்கும் கல்லுக்கும்தான்.

எம்-16, எம்-17, எம்-18 என்று கேள்விப்படுவீர்கள். எம் என்றால் மாதிரி, எண் ஆண்டைக் குறிக்கும். எம்-16, எம்-17 இரண்டுக்கும் வெளி ஓடு ஒன்றே. உள்ளே தலையைச் சுற்றும் பட்டை தோலாக இருந்தால் 16, இரும்பாக இருந்தால் 17. எம்-18-இல் தாடைப்பட்டை ஓட்டிலிருந்து உள்பட்டைக்கு மாறியது. இருபக்கமும் கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது காற்றோட்டத்துக்கும், முன்னால் ஒரு கனமான நெற்றித் தகட்டை மாட்டவும் வைத்தது. தகடு ஒரே அளவு, ஹெல்மெட்டோ பல அளவு. அதனால் சிறிய ஹெல்மெட்டுக்குக் கொம்பு நீளமாக இருக்கும். இதைத் தெரிந்துவைத்திருந்தால் நகல்களில் பாதியை அங்கேயே ஒதுக்கிவிடலாம்.

பச்சை, காவி, செம்பழுப்புத் திட்டுகள், நடுவே விரல் அகலக் கறுப்புக் கோடு போட்ட ஹெல்மெட்டுகள் 1918 ஜூலை மாத ஆணைப்படி வண்ணம் பூசியவை. அழகாக இருக்கும், கிராக்கியும் அதிகம். ஆகவே போலியும் அதிகம்.

எம்-35, எம்-40, எம்-42 இவற்றைப் பிரித்தறிவது எப்படி?

இவை மூன்றும் இரண்டாம் போரின் இரும்பு ஹெல்மெட் மாதிரிகள். பிரித்தறியக் கண்ணைக்கூட மூடிக்கொள்ளலாம், விரல் போதும். விளிம்பைத் தடவிப் பாருங்கள். உள்பக்கமாகச் சுருட்டி வழுவழுப்பாக இருந்தால் எம்-35 அல்லது எம்-40. சுருட்டாமல் தகடு அப்படியே வெட்டப்பட்டு லேசாக வெளியே விரிந்திருந்தால் எம்-42. அடுத்து, காற்றுத் துளையைப் பாருங்கள். துளையில் தனியாக ஒரு சிறு குழல் பொருத்தியிருந்தால் எம்-35. துளையின் மேடு ஓட்டிலேயே அச்சாக எழும்பியிருந்தால் எம்-40. ஒவ்வொரு மாற்றமும் ஒரு வேலையைக் குறைக்கச் செய்ததுதான். போர் நீள நீள நேரமும் உழைப்பும் மிச்சமாக வேண்டியிருந்தது.

உள்ளே 'க்யூ 64' என்று இருக்கிறதே, அது என்ன?

தொழிற்சாலையும் அளவும். க்யூ என்றால் எஸ்லிங்கனில் இருந்த க்விஸ்ட் தொழிற்சாலை. ஈ.டி. என்றால் தாலே இரும்பு ஆலை. என்.எஸ். என்றால் ஷ்வெர்ட்டே நகரின் நிக்கல் ஆலை. ஈ.எஃப். ஃபுல்டா நகரத்தது. 64 என்பது ஓட்டின் அளவு. 60-இலிருந்து 70 வரை இரட்டைப்படை எண்களில் வரும். பெரும்பாலும் இடப்பக்கச் சுவரின் உள்ளே இருக்கும், பின்பக்கம் இன்னொரு தொகுதி எண்ணும் இருக்கும். உள்ளே எட்டு நாக்குகள் கொண்ட தோல் கூடு, மேலே ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கும். அந்தக் கூட்டை ஓட்டோடு சேர்ப்பவை மூன்றே மூன்று பிளவு ஆணிகள்.

அந்த ஆணிகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தொழிற்சாலையில் போட்டபிறகு யாரும் தொடாத ஆணி என்றால் உள்ளே மடக்கிய கால்கள் தோலை அழுத்திய தழும்போடு ஒரே இடத்தில் துருவேறிக் கிடக்கும். கால்கள் பலமுறை வளைந்து நிமிர்ந்த அடையாளம், வெளித்தலையைச் சுற்றிப் பெயின்ட் உதிர்வு, தோலில் இன்னொரு இடத்தில் பழைய தழும்பு, இதெல்லாம் தெரிந்தால் யாரோ பிரித்துச் சேர்த்திருக்கிறார்கள். ஓடு ஒரிஜினல், தோலும் ஒரிஜினல், ஆனால் இரண்டும் வேறு வேறு ஹெல்மெட்டிலிருந்து வந்தவை என்பது சந்தையில் சர்வசாதாரணம்.

போலியைக் கண்டுபிடிக்க வேறு என்ன வழி?

தேதிகளைத் தெரிந்துவைத்திருங்கள். ராணுவ ஹெல்மெட்டின் வலப்பக்கம் மூவண்ணக் கேடயச் சின்னமும் இடப்பக்கம் கழுகுச் சின்னமும் ஒட்டியிருக்கும். மூவண்ணத்தை 1940 மார்ச்சில் நிறுத்தினார்கள். கழுகை 1943 ஆகஸ்டில். எம்-42 வந்தது 1942-இல். ஆக, எம்-42 ராணுவ ஹெல்மெட்டில் இரண்டு சின்னமும் பளிச்சென்று இருந்தால் விற்பவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் ஆயுதப் பிரிவு) சின்னம், பாராசூட் வீரர் ஹெல்மெட், கோழிக்கூண்டுக் கம்பிவலை போட்டது, வெள்ளையடித்த பனிக்கால ஹெல்மெட் — இந்த நான்கிலும் காசு அதிகம் என்பதால் போலிக்காரர்கள் குடியிருப்பதே இங்கேதான். சாதாரண ஹெல்மெட்டை வாங்கி, சின்னம் ஒட்டி, கம்பி சுற்றி, மண்ணில் புதைத்து எடுத்து விற்பார்கள். புற ஊதா விளக்கில் பார்த்தால் நவீன வார்னிஷ் சில சமயம் ஒளிரும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

முன்பக்கம் கொக்கி வைத்திருந்தால் ஸ்பெயின். பின்பக்கம் சதுர வளையம் இருந்தால் ஹங்கேரி. சீனத் தேசியப் படை, ஃபின்லாந்து, நார்வே எல்லாம் ஜெர்மன் ஹெல்மெட்டுகளைப் பயன்படுத்தியிருக்கின்றன. போருக்குப் பிறகு பச்சைப் பெயின்ட் அடித்து நார்வேக்காரர்கள் மறுபடி போட்டுக்கொண்ட ஹெல்மெட்டுகள், பெயின்டைச் சுரண்டி ஜெர்மன் சின்னம் ஒட்டிச் சந்தைக்கு வருகின்றன.

பிக்கல்ஹௌபே விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் சங்கடம். சந்தையில் புழங்கும் மலிவு நகல்களில் கணிசமானவை இந்தியாவில் செய்தவை. மெல்லிய தோல், மஞ்சள் பளபளப்புப் பித்தளை, உள்ளே ஒரே நிறத்தில் புதுத் தோல் என்று பார்த்ததும் தெரியும். நாடக உடைக்கென்று செய்து அனுப்புகிறார்கள், அதில் தப்பில்லை. அதைப் பழையது என்று விற்பவர்தான் திருடர்.

கூடவே ஒரு காகிதம் இருக்கிறது. அதற்கு மதிப்பு உண்டா?

உண்டு, நல்ல மதிப்பு உண்டு. அமெரிக்கச் சிப்பாய் கைப்பற்றிய பொருளை ஊருக்கு எடுத்துச்செல்ல மேலதிகாரி கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். பலவற்றில் 1945 மே 28 தேதியிட்ட போர்த்துறைச் சுற்றறிக்கை 155-ஐக் குறிப்பிட்டிருக்கும். அதில் சிப்பாயின் பெயர், படைப்பிரிவு, பொருளின் விவரம் எல்லாம் இருக்கும். பெயரும் விவரமும் ஹெல்மெட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். காகிதம் ஒருவருடையது, ஹெல்மெட் இன்னொருவருடையது என்று ஜோடி சேர்த்து விற்பதும் நடக்கிறது.

வாய்வழிக் கதை வேறு. விற்பவர் மனமார நம்பியே சொல்லலாம், ஆனாலும் அதற்குத் தனி விலை வைக்காதீர்கள். ஹெல்மெட் கதை இல்லாமல் எவ்வளவு போகுமோ அவ்வளவு கொடுங்கள். கதையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அது இலவசம்.

உள்ளே ஜெர்மன் சிப்பாயின் பெயர் எழுதியிருக்கிறது. என்ன செய்வது?

பின்சுவரின் உள்ளே வெள்ளைப் பெயின்டிலோ, தோலில் பென்சிலாலோ எழுதியிருப்பார்கள். ஜெர்மன் போர்க்கல்லறைப் பராமரிப்பு அமைப்பான ஃபோல்க்ஸ்புண்டின் இணையத் தேடலில் லட்சக்கணக்கான இறந்தவர்களின், காணாமல் போனவர்களின் பெயர்கள் இருக்கின்றன. இரண்டாம் போர்ச் சிப்பாய்களின் தனிப்பட்ட ஆவணங்கள் 2019 முதல் ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன. பொதுவான பெயராக இருந்தால் தேடல் எங்கும் போகாது. அரிய குடும்பப் பெயரும் படை எண்ணும் சேர்ந்திருந்தால் சில சமயம் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அவர் இறக்காமல் ஊர் திரும்பி, பேக்கரி நடத்தி, தொண்ணூறு வயதுவரை வாழ்ந்தும் இருக்கலாம்.

துருப்பிடித்திருக்கிறது, தோல் காய்ந்திருக்கிறது. சுத்தம் செய்யலாமா?

தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். அதற்குமேல் கை அரித்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். கம்பிப் பஞ்சு, எலுமிச்சை, புளி, துருநீக்கி எதுவும் கூடாது. நம் வீட்டில் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கிப் பழகிய கை, பிக்கல்ஹௌபேயின் பித்தளையைக் கண்டதும் பரபரக்கும். விளக்கிவிட்டால் நூறு வருடப் படிவு போய்விடும், விலையில் பாதியும் போய்விடும். பழைய ஒட்டுச்சின்னத்தின் மேல் ஈரத்துணி பட்டால்கூட ஆபத்து.

இரும்பின் மேல் அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மெல்லியதாகத் தடவலாம். தோலுக்கு எண்ணெய் வேண்டாம். முதலில் மிருதுவாகும், அப்புறம் கறுத்து, தையல் இற்றுப்போகும். வெயில் படாத, ஈரம் அதிகமில்லாத இடம், உள்ளே அமிலமில்லாத தாளைச் சுருட்டி வைத்தால் போதும். சென்னை மாதிரிக் கடற்கரை ஊருக்குக் கொண்டுவருவதாக இருந்தால் மூடிய கண்ணாடிப் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம். உப்புக்காற்று தகட்டையும் விடாது, தோலில் பூஞ்சையும் பிடிக்கும்.

ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒன்றைப் பார்த்தேன். குண்டு துளைத்ததா?

ஒரே அளவில் வரிசையாக இருந்தால் அது சல்லடை. 1945-க்குப் பிறகு ஜெர்மனியில் சட்டி, பானைக்கே தட்டுப்பாடு. மிஞ்சிய ஹெல்மெட்டுகளில் துளை போட்டுக் காய் வடிகட்டினார்கள். நீளக் கம்பு பொருத்திச் சாணக்குழி அள்ளும் அகப்பை செய்தார்கள். இவற்றைச் சேகரிக்கத் தனி ஆட்களே உண்டு.

மண்ணிலிருந்து தோண்டியெடுத்ததை வாங்கலாமா?

நான் வாங்க மாட்டேன். ரஷ்யாவிலும் அதன் அண்டை நாடுகளிலும் விற்பனைக்காகவே போர்க்களங்களைத் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹெல்மெட் கிடைத்த இடத்தில் பெரும்பாலும் ஆளும் இருக்கிறார். அடையாளத் தகட்டை உருவி விற்றுவிட்டால் அவர் யார் என்று சொல்ல மீதி எதுவும் இல்லை. பிரான்ஸில் அனுமதியில்லாமல் உலோகங்காட்டி வைத்துப் பழம்பொருள் தேடுவது சட்டவிரோதம். வெடிக்காத குண்டுகள் இன்றும் அங்கே மண்ணுக்குள் கிடக்கின்றன.

இந்தியச் சிப்பாய்கள் இவற்றை எதிர்கொண்டார்களா?

ஆம். 1915 மார்ச்சில் நூவ் ஷாப்பெல் போரில் இந்தியப் படை எதிர்கொண்ட ஜெர்மானியர்கள் தலையில் இருந்தது துணியுறை போட்ட பிக்கல்ஹௌபே. இந்தியக் காலாட்படை அந்த ஆண்டு முடிவில் பிரான்ஸை விட்டுப் போய்விட்டது, இரும்பு ஹெல்மெட் அதன்பின்தான் வந்தது. இரண்டாம் போரில் 4-ஆவது இந்திய டிவிஷன் வட ஆப்பிரிக்காவிலும், 1944-இல் இத்தாலியின் காசினோவிலும் ஜெர்மானியர்களோடு மோதியது. மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியாளர் படையினரும் அதில் இருந்தார்கள். காசினோவைப் பிடித்துவைத்திருந்தது ஜெர்மன் பாராசூட் டிவிஷன். ஆக, தமிழ்நாட்டு வீட்டுப் பரணில் ஒரு பாராசூட் ஹெல்மெட் கிடைத்தால் அது நடக்காத காரியமில்லை. ஆனால் போலியா என்று அதையும் சோதித்துவிடுங்கள்.

நாஜிப் பொருளை வீட்டில் வைப்பது சரியா? சட்டம் என்ன சொல்கிறது?

முதலில், எல்லா ஜெர்மன் ஹெல்மெட்டும் நாஜிப் பொருள் இல்லை. முதல் உலகப் போரில் சுமார் 1,00,000 யூதர்கள் ஜெர்மன் படையில் இருந்தார்கள், சுமார் 12,000 பேர் உயிர்விட்டார்கள். உங்கள் பிக்கல்ஹௌபே அவர்களில் ஒருவருடையதாகவும் இருக்கலாம்.

இரண்டாம் போர் ஹெல்மெட்டின் கழுகுக் காலடியில் ஸ்வஸ்திகா இருக்கிறது. அதை மழுப்ப முடியாது. ஜெர்மனியில் குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவின்படி அதைப் பொது இடத்தில் காட்டுவது குற்றம். ஆராய்ச்சி, கல்வி, கலைக்கு விலக்கு உண்டு. அதனால் அங்குள்ள ஏல விற்பனைப் பட்டியல்களில் சின்னத்தை மறைத்துத்தான் படம் போடுவார்கள். ஆஸ்திரியாவில் இன்னும் கடுமை.

வீட்டைப் பொறுத்தவரை என் வழக்கம் இது: முதல் போர் ஹெல்மெட்டுகள் ஹாலில், இரண்டாம் போருடையவை உள்ளறை அலமாரியில். வருகிறவர் யார், அவர் குடும்பம் எதைக் கடந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. அலங்காரப் பொருளாக வைக்கிற சாமானும் இல்லை அது.

என்ன விலை போகும்?

சின்னம் இல்லாத, சுமாரான எம்-42 சில நூறு டாலருக்குக் கிடைக்கும். இரண்டு சின்னமும் உள்ள, யாரும் கைவைக்காத எம்-35 ஆயிரத்தைத் தாண்டும். பாராசூட், எஸ்.எஸ். வகைகள் பல ஆயிரம். புதிதாகத் தொடங்குகிறவர் இந்தக் கடைசி வகைக்குப் போகவே வேண்டாம்.

அப்பாவுடையது, எனக்கு வேண்டாம். யாரிடம் கொடுப்பது?

விற்பதாக இருந்தால் ஒரே வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள், ராணுவப் பொருள்களுக்கென்றே உள்ள ஏல நிறுவனங்கள் இரண்டு மூன்றைக் கேளுங்கள். பெரிய அருங்காட்சியகங்களில் இதுபோல் ஏற்கெனவே நிறைய இருக்கும், வேண்டாம் என்றும் சொல்லலாம். அவர் பணியாற்றிய ரெஜிமென்ட்டின் சிறு அருங்காட்சியகம் அல்லது ஊர் வரலாற்றுச் சங்கம் என்றால் வரவேற்பு அதிகம். கொடுக்கும்போது ஹெல்மெட்டை மட்டும் கொடுக்காதீர்கள். அவர் பெயர், படைப்பிரிவு, எந்த ஊரில் எப்போது கிடைத்தது என்று வீட்டில் சொல்லக் கேட்டது, சீருடையில் எடுத்த ஒரு படம், இவற்றைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளை ஹெல்மெட்டுக்குள்ளேயே வைத்துக் கொடுங்கள்.